பின்னாலேயே வந்த சைக்கிள்



மயிலாப்பூரில் என் வீட்டுக் கணினியில், ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒருநாள் சிவப்பு சைக்கிள் ஒன்றைத் தேடிப் பார்த்தாள். அவ்வளவுதான்! மறுநாள் நான் சமையல் குறிப்பைத் திறந்தால் ஓரத்தில் சைக்கிள். செய்தி படித்தால் அங்கேயும் சைக்கிள். "நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லையே பாட்டி, இதற்கு எப்படித் தெரிந்தது?" என்று திகைத்தாள்.

ரங்கநாதன் தெருக் கடையில் ஒரு பையை எடுத்துப் பார்க்கிறீர்கள். வாங்கவில்லை. உடனே ஒருவர் நோட்டும் கையுமாகப் பாண்டி பஜார் வரை பின்னாலேயே வந்து, எங்கே நின்றீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று எழுதினால் சும்மா விடுவீர்களா? இணையத்தில் விளம்பர நிறுவனங்கள் செய்வது இதைத்தான். 'குக்கி' என்ற சிறு குறிப்பை நம் பிரவுசரிலேயே வைத்துவிடுகின்றன. அதே நிறுவனத்தின் விளம்பரம் உள்ள வேறு தளத்துக்கு நாம் போனதும், அதை வைத்து நம்மை அடையாளம் கண்டுகொள்கின்றன.

ஆகவே, பிரவுசரின் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பின்தொடர்பவரை அது தடுக்கிறதா என்றும் பாருங்கள். போனில் ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபயர்பாக்ஸ், பிரேவ் போன்றவை தடுக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2023-இல் 'உலா' என்று அழகான தமிழ்ப் பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் அதில் உண்டு. மத்திய அரசு நடத்திய பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வென்றது. நம்மூர்ப் பிள்ளை என்பதற்காக நான் கூடுதல் மார்க் போட மாட்டேன்! கூகுள் தொடங்கிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய 'குரோமியம்' மீதுதான் அதுவும் கட்டப்பட்டிருக்கிறது.

"இன்காக்னிட்டோவில் போனால் போதுமே" என்பார்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள். போதாது. நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் அந்தக் கணினியில் தங்காது. தளங்களின் கண்ணிலிருந்து நீங்கள் மறைந்துவிட மாட்டீர்கள். இதுபற்றி அமெரிக்காவில் 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், திரட்டிய பதிவுகளை அழிக்க கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். நல்லதுதான். ஆனால், கணினி முன் இருப்பது பாட்டியா, பேத்தியா என்று அந்தச் சைக்கிள் விளம்பரத்துக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்கிறேன்.

நாங்கள் பிரவுசரை மாற்றிவிட்டோம். சில நிமிட வேலைதான். சைக்கிள் இப்போது வருவதில்லை. பேத்திக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அதை அப்பாவின் கண்ணில் படவைத்துப் பிறந்தநாளுக்கு வாங்கிவிடலாம் என்று இருந்தாளாம்!