அந்தப் பாட்டில் ஏன் குறையவே இல்லை?

போன வாரம் மாலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஏன்டா வாங்கினோம் என்று நினைத்த பொருள் எது?"

உடற்பயிற்சி சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. துணி காயப்போடப் பயன்படும் சைக்கிள்கள் மட்டும் நான்கு! ஆனால் ஒலிவாங்கியை அணைத்த பிறகு வந்த குறுஞ்செய்திகளில் பாதி விஸ்கியைப் பற்றியவை. நேரலையில் சொல்லக் கூச்சம் போலும்.

வீட்டில் யாரும் குடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பாட்டில் என்று வரும் இடத்தில் பட்டுப்புடவை என்று வைத்துப் படித்தாலும் கதை மாறாது.

ஒரு நேயர் ஜப்பானுக்குச் சுற்றுலா போனபோது, அழகான எழுத்துகள் போட்ட பாட்டில் ஒன்றைப் பெருமையோடு வாங்கி வந்திருக்கிறார். உள்ளே இருந்ததில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு என்று பிறகுதான் தெரிந்ததாம். எதை 'ஜப்பானிய விஸ்கி' என்று அழைக்கலாம் என அந்நாட்டு மதுத் தயாரிப்பாளர் சங்கம் விதி வகுத்ததே 2021ல்தான். இன்னொரு மாமா, கல்யாணத்தில் வந்த 12 வருட விஸ்கியை 20 வருடம் பூட்டி வைத்திருந்து, "இப்ப இதுக்கு வயசு 32" என்று திறந்திருக்கிறார். பாவம்! விஸ்கிக்கு வயது ஏறுவது மரப் பீப்பாயில்தான். கண்ணாடிக்குள் போன அன்றே வயது நின்றுவிடும்.

சிரித்துக்கொண்டே படித்த எனக்கு, எங்கள் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

அப்பா 34 வருடம் பேருந்து ஓட்டியவர். அவருடைய ஒரே ஆடம்பரம், சனிக்கிழமை இரவு ஒரு பெக். பிளாக் லேபிள், சோடா, ஐஸ், பக்கத்தில் முறுக்கு. மூன்று வருடத்துக்கு முன் அவர் ஓய்வுபெற்றபோது பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இணையத்தில் காணொளி காணொளியாகப் பார்த்தேன். எல்லாரும் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் போட்டிருந்த ஒரு பாட்டில். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்தது. விடுமுறை முடிந்து திரும்பும்போது, விமான நிலையத்துத் தீர்வையில்லாக் கடையிலேயே 240 வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

அப்பா ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாதாம்மா இருக்கு" என்றார். பாட்டில் அலமாரியின் முன்வரிசைக்குப் போனது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "மகள் வாங்கிக் கொடுத்தது" என்று காட்டுவார். யாருக்கும் ஊற்ற மாட்டார். தானும் தொட மாட்டார்.

சென்ற சனிக்கிழமை நேரடியாகவே கேட்டுவிட்டேன். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க. அது உங்களுக்குப் பிடிக்கலைதானே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பிடிச்சிருந்தா மூணு வருஷமா அப்படியேவா நிக்கும்?" என்றார் அம்மா.

"கோவிச்சுக்காதே பிள்ளை. ஆஸ்பத்திரியில காயத்துக்குப் போடுற மருந்து வாசம் அடிக்குது. இவ்வளவு விலைன்னு சொன்னியா... நமக்குத்தான் அதோட அருமை தெரியலைன்னு நெனச்சேன்."

240 வெள்ளி போனது எனக்கு வலிக்கவில்லை. "நமக்குத்தான் அருமை தெரியலை" என்றாரே, அதுதான் வலித்தது. ஒரு விலைச்சீட்டு, 60 வயதைத் தாண்டிய மனிதரைத் தன் நாக்கையே சந்தேகப்பட வைத்துவிட்டது. அதை ஒட்டிக் கொடுத்தது நான்.

இத்தனைக்கும் அப்பாவின் நாக்கு சொன்னது முழுக்கச் சரி. ஐலாவில் பல இடங்களில், முளைகட்டிய பார்லியை 'பீட்' என்ற கரிமண்ணை எரித்து வரும் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையில் ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. அதே ஃபீனாலைத்தான் 1865ல் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசஃப் லிஸ்டர் காயங்களுக்குக் கிருமிநாசினியாகப் பயன்படுத்தினார். காணொளியில் பேசிய நிபுணர்கள் 'மருந்து வாசம்' என்று பாராட்டாகச் சொன்னதை, அப்பா ஒரே வாயில் கண்டுபிடித்துவிட்டார்!

அப்படியானால் விலை எதைச் சொல்கிறது? ஸ்காட்லாந்தில் பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கியில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. வயது கூடக் கூட மிச்சம் குறையும், விலை ஏறும். இங்கே கடையில் வாங்கினால், 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 700 மில்லி பாட்டிலுக்கு ஏறத்தாழ 25 வெள்ளி மதுத் தீர்வை. பாட்டில் 60 வெள்ளியானாலும் 600 வெள்ளியானாலும் அந்தத் தொகை மாறாது. இந்தக் கணக்கு எதிலும் நம் நாக்குக்கு இடமே இல்லை.

அன்று இரவு அம்மா ஒரு யோசனை சொன்னார். "பெருங்காயத்தைக் கரண்டி கரண்டியாப் போட்டா சாம்பாரை யார் சாப்பிடுவா? ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்க."

அப்பா தன் வழக்கமான கிளாஸில், அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டார். குடித்தார். புருவம் உயர்ந்தது. "இது பரவாயில்லையே!"

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா இத்தனை வருடமாக விரும்பிக் குடிக்கும் பிளாக் லேபிளில், ஐலா தீவின் கோலிலா ஆலை விஸ்கியும் ஒரு பங்கு சேர்கிறது. அதே தீவு, அதே புகை. கலப்பவர்கள் அளவு தெரிந்து சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். முழுப் பாட்டிலுக்கு முன், 50 மில்லி குட்டிப் பாட்டில் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன், குடிக்கப் போகிறவரிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். ஊர் பேர் தெரியாத நிபுணர்களைப் பல மணி நேரம் கேட்ட நான், அடுத்த அறையில் இருந்த அப்பாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

பாட்டில் இப்போது அரை விரல்கூடக் குறையவில்லை. தேக்கரண்டிக் கணக்கில் போனால் இன்னும் சில வருடம் வரும். பரவாயில்லை, சனிக்கிழமைகளில் முறுக்கோடு நானும் பக்கத்தில் உட்காருகிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியில் குறையாமல் நிற்கும் பரிசு எது? வாங்கிக் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா? எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.