வாளும் தாளும்

வாளேந்தி வருபவனைப் பகைவன் என்று உலகம் எளிதில் அறிந்துகொள்ளும். தாளேந்தி வருபவனையோ நண்பன் என்று வரவேற்று, விருந்தளித்து, கையொப்பமும் இட்டுத் தரும். வாளால் பறிபோன உரிமையை மீட்க வீரம் போதும். தாளால் பறிபோன உரிமையை மீட்பதற்கோ, அது பறிபோயிற்று என்பதை முதற்கண் உணர்ந்தாக வேண்டும். வளர்ந்துவரும் வல்லரசுகள் சட்டத்தையும் கடனையும் விரும்பிக் கையாள்வதன் காரணம் இதுவே.

"கடன் கொடுப்பது வணிகம், ஒப்பந்தம் செய்வது சட்டம், இவற்றில் ஆதிக்கம் எங்கே வந்தது?" என்று கேட்போர் உளர். அவர்கள் எத்தியோப்பியாவின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

1861-இல் ஒரே அரசாக ஒன்றுபட்ட இத்தாலி, குடியேற்ற நாடுகளைத் தேடும் போட்டியில் காலந்தாழ்த்தி நுழைந்த புதிய வல்லரசு. அது 1889 மே 2ஆம் நாள் மன்னர் இரண்டாம் மெனெலிக்கோடு வுச்சாலே என்னுமிடத்தில் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் 40 இலட்சம் லீரா கடனுக்கும் வழிசெய்தது. ஹரார் நகரின் சுங்க வருவாய் அக்கடனுக்கு ஈடாயிற்று. நட்பும் கடனும் கைகோத்து வந்தன.

ஒப்பந்தம் இரு மொழிகளில் எழுதப்பட்டது. அதன் 17ஆம் விதியில்தான் கண்ணி இருந்தது. பிற அரசுகளோடு கொள்ளும் தொடர்புகளை மன்னர் இத்தாலியின் வழியாக நடத்திக்கொள்ளலாம் என்றது அம்ஹாரிக் மொழிப் படி. அவ்வாறு நடத்த அவர் இசைகிறார் என்றது இத்தாலிய மொழிப் படி. முன்னது விருப்பம், பின்னது கடப்பாடு. இந்தச் சொல் வேற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என ஐரோப்பிய அரசுகளுக்கு இத்தாலி அறிவித்தது. ஒரு வினைச்சொல் ஒரு நாட்டையே விழுங்கப் பார்த்தது!

மெனெலிக் பணிந்தாரில்லை. தம் மொழிப் படியைச் சான்று காட்டி மறுத்தார். கடனைத் திருப்பிச் செலுத்தினார். 1893-இல் ஒப்பந்தத்தையே விலக்கினார். தாள் தோற்ற பின் இத்தாலி வாளை நம்பியது. 1896 மார்ச் 1ஆம் நாள் அத்வாப் போரில் அந்த வாளும் முறிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கையொப்பமான அடிஸ் அபாபா உடன்படிக்கை, வுச்சாலே ஒப்பந்தத்தை நீக்கி எத்தியோப்பியாவின் முழு விடுதலையை ஏற்றுக்கொண்டது.

எகிப்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கடனில் மூழ்கிய கெடிவ் இஸ்மாயிலிடமிருந்து 1875-இல் சுயெஸ் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டன் வாங்கியது. 1876-இல் கடன் கொடுத்தோரின் சார்பில் அயலார் ஆணையம் அமர்ந்தது. 1882-இல் பிரிட்டனின் படையே இறங்கியது. கணக்கர் முன்னே, படைவீரர் பின்னே!

இவை பழங்கதை என்று தள்ளிவிடலாகுமா? இன்றைய வளரும் வல்லரசு சீனா. அது அயல்நாடுகளில் துறைமுகமும் இருப்புப்பாதையும் அமைக்கக் கடன் தருகிறது. அனைத்துலக வணிக வழக்குகளுக்கென்றே 2018-இல் ஷென்சென், சியான் நகரங்களில் நீதிமன்றங்களையும் நிறுவியது. சீன அரசுசார் நிறுவனங்கள் 24 நாடுகளோடு செய்த 100 கடன் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, 2014-க்குப் பிற்பட்ட அவ்வொப்பந்தங்கள் யாவற்றிலும் மறைகாப்பு விதி இருந்ததைக் காட்டியது. தன் பெயரால் வாங்கிய கடனின் விதியைக் கடனாளி நாட்டின் குடிமகனே படிக்க இயலாது எனின், அதனை வணிகம் என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆயினும் பழி முழுவதையும் கடன் கொடுத்தவன் தலையிலேயே சுமத்துவது அறமாகாது. இலங்கை 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 112 கோடி டாலருக்குச் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. துறைமுகத்துக்காகப் பட்ட கடன் அதனால் நீங்கிவிடவில்லை. 2022-இல் அயல்கடன்களைச் செலுத்த இயலாது என அந்நாடு கைவிரித்தபோது, சீனக் கடனைவிட அனைத்துலகக் கடன்பத்திரச் சந்தையில் பட்ட கடனே மிகுதி. சீனாவிடமும் சந்தையிடமும் சென்று கையொப்பமிட்டவர் அந்நாட்டின் ஆட்சியாளரே அன்றோ?

முதலீடின்றி வளர்ச்சியில்லை என்பார் கூற்று உண்மையே. கடனே வேண்டாம் என்பதன்று வாதம். படிக்காமல் கையொப்பமிட வேண்டாம் என்பதே வாதம். மலேசியாவின் கிழக்குக்கரை இரயில் திட்டம் இதற்குச் சான்று. அதன் ஒப்பந்தம் மீண்டும் பேசப்பட்டு, 2019 ஏப்ரலில் 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடி ரிங்கிட்டாகக் குறைந்தது. பின்வந்த அரசுகள் தடத்தை மாற்றியபோது தொகையும் மாறியது. எனினும், எழுதியதை மீண்டும் எழுத முடியும் என்னும் உண்மை நிலைத்துவிட்டது.

இங்கேதான் மொழியாசிரியரின் கடமை தொடங்குகிறது. செய்யுளின் ஒரு சொல்லுக்கு மூன்று உரை காணும் மாணவனுக்கு, ஒப்பந்தத்தின் ஒரு விதியை உரசிப் பார்க்கக் கற்பிப்பார் எத்தனை பேர்? 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய இசைகிறார்' என்பதற்கும் இடையே ஒரு நாட்டின் விடுதலை ஊசலாடியது. இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணும் வகுப்பறை, நாளைய அடிமைச் சாசனத்துக்கு இன்றே கையொப்பம் பயிற்றுகிறது. வாளைத் தடுக்கக் கேடயம் உண்டு. தாளைத் தடுக்க எழுத்தறிவைத் தவிர வேறு கேடயம் இல்லை.