உடல் மெலிகையில் உள்ளத்தையும் கவனிப்போம்

நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டால், உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் வீடுகளில் மணப்பெண்ணின் எடையும் பேச்சாகிவிடுகிறது. சிலர் மருத்துவரிடம் சென்று பசியைக் குறைக்கும் மருந்தை எழுதி வாங்குகிறார்கள். எடை இறங்கியதும் 'மாஷா அல்லாஹ்' என்று மகிழ்கிறோம். ஆனால் அவள் நன்றாக உறங்குகிறாளா, முன்போல் சிரிக்கிறாளா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கேட்டாக வேண்டும் என்பதற்கு ரிமோனபாண்ட் மாத்திரையின் வரலாறே சான்று. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற அம்மருந்து, மூளையில் பசியைத் தூண்டும் ஏற்பிகளைத் தடுத்தது. மன மகிழ்ச்சியிலும் அதே ஏற்பிகளுக்குப் பங்குண்டு. ஆகவே பசி அடங்கியபோது சிலருக்கு மனமும் வாடியது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற மனநலக் கோளாறுகளுக்கான அபாயம் ஏறத்தாழ இரு மடங்கானது. தற்கொலை எண்ணமும் சிலரிடம் தோன்றியது. 2008 அக்டோபரில் ஐரோப்பா அதனை நிறுத்தியது. 2009 டிசம்பரில் இந்தியா தடை செய்தது.

இதயத்துக்குக் கேடு என்பதால் 2011 பிப்ரவரியில் சிபுட்ரமினும் இங்கே தடை செய்யப்பட்டது. ஆயினும் 'மூலிகை' என விற்கப்படும் மெலிவு மருந்துகள் சிலவற்றில் அது ஒளிந்திருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் பலமுறை கண்டறிந்துள்ளன. அமெரிக்காவில் புழங்கும் ஃபென்டர்மின், ஆம்பெட்டமினை ஒத்தது. குறுகிய காலத்துக்கே அனுமதிக்கப்பட்டது. அதனால் உறக்கம் கெடலாம், படபடப்பு வரலாம், அரிதாக மனப்பிறழ்வும் நேரலாம்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. 2025இல் எடைக் குறைப்புக்கென இந்தியாவுக்கு வந்த செமாகுளுடைட் ஊசி தற்கொலை எண்ணத்துக்குக் காரணமாகிறது என்பதற்கு ஆதாரமில்லை என 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை கூறியது. உடற்பருமனும் சர்க்கரையும் மெய்யான நோய்கள். அவற்றுக்கு மருத்துவம் தேடுவது நம் மார்க்கம் ஊக்குவிப்பதே. நாம் அஞ்சுவது மருந்தையன்று. மருத்துவர் கண்காணிப்பின்றி, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதனை விழுங்குவதைத்தான்.

மருந்து தொடங்குமுன், முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்வோம். தொடங்கியபின் உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அழுகை தென்பட்டால், கண்ணேறு என்றோ ஜின் என்றோ முடிவுகட்டாமல் மருத்துவரிடம் விரைவோம். துஆவும் செய்வோம், மருந்துச் சீட்டையும் எடுத்துக் காட்டுவோம். அவரைக் கேளாமல் நாமாக நிறுத்தவும் வேண்டாம். மனம் கலங்கும் வேளையில், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

உடல் இறைவன் தந்த அமானிதம் என்கிறோம். உள்ளமும் அந்த அமானிதத்தில் அடங்கியதே.