அருள் வேண்டாம், கூலி தாரீர்!

அண்மையில் எங்கள் ஊரில் ஓர் இலக்கிய விழா. மாலைக்குக் குறைவில்லை, பொன்னாடைக்குக் குறைவில்லை. பேச எழுந்தார் ஒரு பெரியவர். "கதை எழுதுவது தொழிலன்று, அருள்! கலைமகள் நாவில் நின்றாலன்றி ஒரு வரியும் வாராது!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையை இடித்தது. தட்டியோருள் பாதிப் பேர் கதை எழுதுவோர் என்பதுதான் வேடிக்கை! தம் விரலில் ஏறிய காய்ப்பைத் தாமே மறுத்தனர்.

தோழர்களே! இந்த அருட்கதை இன்று முளைத்ததன்று. திருவானைக்காவில் அம்மை தாம்பூலத்தை உமிழ்ந்தாள், மடைப்பள்ளிப் பணியாளன் காளமேகப் புலவனானான் என்பர். காளி நாவிலே எழுதினாள், காளிதாசன் கவிஞனானான் என்பர். எச்சிலில் எழுத்துப் பிறக்குமெனில் ஏடு எதற்கு? எழுத்தாணி எதற்கு? இரவெல்லாம் விழித்திருந்து எழுதியதைக் கிழித்தெறிவது எதற்கு? எழுத்தின் தெய்வத்துக்கென்று ஆண்டுக்கொருமுறை பூசை போடுகிறார்கள். அன்றைக்கென்று பார்த்து நூலைத் தொடக்கூடாதாம்!

நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அருளுக்கு விலை பேசலாமோ? கூடாதன்றோ! எனவே எழுத்தாளனுக்குக் கூலி வேண்டா. தாள் விற்றவருக்குப் பணம், அச்சடித்தவருக்குப் பணம், தைத்துக் கட்டியவருக்குப் பணம், கடைக்காரருக்குக் கழிவு. கதை தந்தவனுக்கோ இரண்டு இலவசப் படிகள்! என் முதற்கதையை வெளியிட்ட இதழ் அனுப்பியது ஒரே படி. அதற்கும் அஞ்சற்செலவு என்னுடையது.

எனக்குப் பள்ளிச் சம்பளம் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. பேனாவையே நம்பியவன் கதி? புதுமைப்பித்தன் நாளிதழில் உழைத்தார், மொழிபெயர்த்தார், கடைசியில் திரைப்பட வேலைக்காகப் புனா வரை போனார். காசநோயோடு திரும்பினார். 1948-இல், 42 வயதில் மாண்டார். மேதை என்னும் பட்டம் மருந்து வாங்க உதவவில்லை.

கணக்கு இதோடு முடியவில்லை. அருள் என்றால், அது யாருக்குக் கிடைக்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தேவதாசி குலத்தில் பிறந்த பெண்ணின் நாவில் எந்தத் தேவி வந்து நின்றாள்? ஆயினும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தை எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குச் சென்னை மாகாணச் சட்டம் தடை போட்டது 1947-இல். கதையால் சட்டம் வந்தது என்று அளக்க மாட்டேன். அதற்காக மேடை மேடையாக உழைத்தோர் பலர், அம்மையாரும் அவருள் ஒருவர். ஆனால் சட்டம் ஒரு பிரிவில் சொன்ன கொடுமைக்கு அவர் பதினோர் ஆண்டுகள் முன்பே முகமும் குரலும் தந்திருந்தார். அது பட்ட அறிவு, அருளன்று.

அருள் பெற்றவன் என்று போற்றியவனே பிடிக்காததை எழுதிவிட்டால்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதைத் தீயிலிட்டார்கள். அடுத்த மாதம் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்து வாங்கினார்கள். 'எழுத்தாளன் செத்துவிட்டான்' என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. அப்போது எந்தக் கலைமகளும் அவர் நாவைக் காக்க வரவில்லை. 2016 சூலையில் காத்தது சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு. அரசியல் சட்டம் தந்த உரிமை. ஒன்றரை ஆண்டு மௌனத்தை யார் திருப்பித் தருவார்?

"இத்தனை இடரென்றால் ஏனப்பா எழுதுகிறாய்?" என்பீர். எழுதுவதில் இன்பம் இருக்கிறது! இழைப்புளியைத் தள்ளிவிட்டுத் தச்சன் பலகையைத் தடவிப் பார்ப்பானே, அந்த இன்பம். மூன்று இரவு மல்லுக்கு நின்ற வாக்கியம் நான்காம் இரவு தானே வந்தது போல் அமரும். மூன்று இரவும் உழைத்தவனுக்குத் தெரியும், அது தானே வரவில்லை என்று.

இன்னோர் இன்பமும் உண்டு. வெளுத்த துணியை வாசற்படியில் வைத்துவிட்டு எட்டி நின்று சோறு வாங்கும் ஒரு கிழவியைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசி விசுப்பலகை மாணவன் ஒருவன், அந்த இதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தான். வகுப்பில் வாய் திறவாதவன்.

"ஐயா, எங்கள் ஆயாவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?"

நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு என்ன விடை சொல்வது என்று தெரியாமல், இதழை வாங்கி விரித்து, சுருக்கத்தை நீவிக் கொடுத்தேன். எந்தப் பொன்னாடையை அதற்கு ஈடாகச் சொல்வீர்?

விழாக்குழுவினர் சென்ற வாரம் எனக்கும் ஒரு மடல் விடுத்துள்ளனர். அடுத்த விழாவில் 'எழுத்தும் அருளும்' என்னும் பொருளில் யான் உரையாற்ற வேண்டுமாம். ஊதியம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.