ஏட்டில் இல்லாத இரு நாடுகள்



ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பிய ஹாஜிமார்கள் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்கள் பெயரால் அங்கே அறுக்கப்பட்ட ஆடு எந்நாட்டு ஆடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர்க்குத் தெரிந்திராது. உடல் வெண்மையாகவும் தலை கருமையாகவும் இருந்தது என்று எவரேனும் சொல்வாராயின், அது பெர்பெரா துறைமுகத்தில் கப்பலேறிச் செங்கடல் கடந்து வந்த ஆடாக இருக்கக்கூடும். அந்த ஆட்டை வாங்கிய நாடுகள், அதை வளர்த்த நாட்டை ஒரு நாடென்று ஒப்பவில்லை. அந்நாடே சோமாலிலாந்து.

1960 ஜூன் 26 அன்று ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்ற அம்மக்கள், ஐந்தே நாட்கள் தனித்திருந்து, ஜூலை 1 அன்று இத்தாலியர் ஆண்ட தென்பகுதியுடன் தாமாகவே இணைந்தனர். மொழி ஒன்று, மார்க்கம் ஒன்று, மத்ஹபும் நம் கடற்கரை ஊர்களில் உள்ளது போன்றே ஷாபிஈ மத்ஹப். ஒன்றுபட இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினர். ஆனால் 1969இல் ஆட்சியைக் கைப்பற்றிய சியாத் பர்ரே, 1988இல் ஹர்கைசா நகரின்மீது குண்டு மாரி பொழியச் செய்தார். அந்நகரின் விமான நிலையத்திலிருந்தே எழும்பிய விமானங்கள் அந்நகரையே தாக்கின. பல்லாயிரவர் மாண்டனர். மிக் விமானம் ஒன்று இன்றும் நகர நடுவே நினைவுச் சின்னமாக நிற்கிறது. பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தபின், 1991 மே 18 அன்று புராவோவில் கூடிய தலைவர்கள் பழைய இணைப்பை முறித்துத் தனிநாடு அறிவித்தனர்.

அதன்பின் அவர்கள் நடந்துகொண்ட முறை வியப்புக்குரியது. குலத்து மூத்தோர் மாதக்கணக்கில் அமர்ந்து பேசிப் பூசலைத் தீர்த்தனர். 2003ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே முதலில் அறிவிக்கப்பட்ட வேறுபாடு வெறும் 80 வாக்குகள்! தோற்ற சிலான்யோ துப்பாக்கியைத் தூக்கவில்லை, வழக்காடினார், தீர்ப்பை ஏற்றார், 2010இல் வென்று அதிபரானார். நம் ஊர் ஜமாஅத் தேர்தல்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இத்தனைக்குப் பிறகும் உலகம் கதவைத் திறக்கவில்லை. உலக வங்கியில் அந்நாடு நேரடியாகக் கடன் கேட்க இயலாது. அதன் கடவுச்சீட்டை ஏற்போர் மிகச் சிலர். காய்ச்சல் நோயைக் காரணம் காட்டி 2000ஆம் ஆண்டில் சவூதி அரேபியா அப்பகுதிக் கால்நடைகளைத் தடுத்தபோது, தன் ஆடுகள் நோயற்றவை என்று சான்றளிக்க முன்வந்தாலும், அங்கீகாரமற்ற அரசின் முத்திரைக்கு மதிப்பேது? அத்தடை நீங்க 2009 ஆயிற்று.

இந்நிலையில்தான் தன்னைப் போன்றே ஏட்டில் இடமில்லாத இன்னொருவரை அது சந்தித்தது. தைவான் செல்வ நாடு. ஆயினும் 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. சபையில் சீனாவின் இடம் பீக்கிங் அரசுக்குச் சென்றது முதல், அதன் நண்பர்கள் ஒவ்வொருவராக விலகினர். 2024 ஜனவரியில் நவ்ரு விலகியபின் எஞ்சியோர் பன்னிருவர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் எஸ்வாட்டினி ஒன்றே. இவ்விரு அரசுகளும் 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்து, ஆகஸ்டில் ஹர்கைசாவிலும் செப்டம்பரில் தைபேயிலும் பிரதிநிதி அலுவலகங்களைத் திறந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவரை ஒருவர் தனிநாடு என்று முறைப்படி இவர்கள் அங்கீகரிக்கவில்லை. தூதரகம் என்ற சொல்லும் பயன்படவில்லை. ஆனால் பிற நாடுகளில் பெரும்பாலும் ‘தைபே’ என்ற பெயரோடு ஒடுங்கியிருக்கும் அலுவலகம், ஹர்கைசாவில் ‘தைவான்’ என்றே பலகை மாட்டியது. பலகையில் ஒரு சொல். அதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள்.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கையில் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்று எழுதக் குறைஷிகளின் பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ர் இணங்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்’ என்று எழுதப் பணித்தார்கள். தோழர்கள் மனம் புழுங்கினர். ஆயினும் அதுவரை ஓடிப்போனவர்கள் என்று இகழ்ந்தவர்களோடு சமமாக அமர்ந்து குறைஷிகள் கையெழுத்திட்டதே பெரிய ஒப்புதலன்றோ! பட்டத்தை விட்டுக்கொடுத்துப் பொருளைப் பெறும் வழி ராஜதந்திரத்தில் அன்றும் இருந்தது.

சோமாலியா 1960 முதலே பீக்கிங்கின் நட்பு நாடு. ஆகவே மொகாதிசுவும் சீனாவும் சினந்ததில் வியப்பில்லை. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து தைவான் கடவுச்சீட்டு உடையோர் உள்ளே வரலாகாது என்று சோமாலிய அரசு ஆணையிட்டது. தைவானின் நோக்கமும் தருமம் மட்டுமன்று. சீனா தன் முதல் வெளிநாட்டுப் படைத்தளத்தை 2017இல் திறந்தது அண்டை நாடான ஜிபூட்டியில்தான்.

முஸ்லிம் அல்லாதாரோடு உறவா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மக்காவில் வதைபட்ட ஸஹாபாக்களுக்கு அந்தச் செங்கடலின் மறுகரையில் அடைக்கலம் தந்தவர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அல்லவா? நேர்மையான உறவில் தவறில்லை.

ஆனால் 2025 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்தது வேறு. அன்று இஸ்ரேல் சோமாலிலாந்தைத் தனிநாடாக அங்கீகரித்தது. ஹர்கைசா மகிழ்ந்து வரவேற்றது. காஸாவில் இத்தனை ஜனாஸாக்களுக்குப் பின் நீட்டப்பட்ட கையை, குண்டுவீச்சின் கொடுமையைத் தன் நகரிலேயே கண்ட மக்களின் அரசு பற்றியது என் உள்ளத்தை வருத்துகிறது. அதைத் தவறென்றே கருதுகிறேன். எனினும், உடனே கண்டன அறிக்கை விடுத்த முஸ்லிம் நாடுகளைப் பார்த்தும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகளாக உங்களில் ஒருவரேனும் அவர்களை அங்கீகரித்தீர்களா? அது இயலாதெனில், இரு தரப்பையும் அமர்த்தி ஒரு தீர்வேனும் கண்டீர்களா? ஆட்டை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

ஹர்கைசாவிடமும் ஒரு கேள்வி நிற்கிறது. கிழக்கே லாஸ் அனோத் நகரத்தார் தமக்குச் சோமாலியாவே வேண்டும் என்றனர். 2023இல் அங்கே பீரங்கிகள் முழங்கின. மக்கள் வீடு துறந்தனர். ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை பின்வாங்கிற்று. தமக்கெனப் பிரிவுரிமை கோரும் ஆட்சியாளர்கள், தம்மிடமிருந்து பிரிய விரும்பும் அவ்வூராருக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?