மாமாவுக்கு ஒரு ரிவால்வர்

டிஸ்கி: துப்பாக்கின்னா ஆகாதவங்களும் தைரியமா படிக்கலாம். சத்தம் வராது :-)

2014 ஜனவரியில கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை வெளியிட்டாங்க. பேரு 'நிர்பீக்'. 2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்கு அப்புறம், பெண்கள் கைப்பையில வெச்சுக்கறதுக்குன்னே செஞ்சதாம். டைட்டானியம் கலவை, அரைக்கிலோ எடை, பாயிண்ட் 32 தோட்டா. அப்ப விலை 1,22,360 ரூபாய். அதை வெச்சுக் கொடுத்த பெட்டி, நகைக்கடையில நெக்லஸ் வெச்சுத் தருவாங்களே, அந்த மெரூன் கலர் பெட்டி மாதிரியே இருந்தது. பெண்ணுக்குன்னு வந்துட்டா நம்மாளுங்களுக்கு நகைப்பெட்டியைத் தாண்டி யோசனை ஓடாது போல.

இந்தக் கதையெல்லாம் நான் இப்ப நோண்டக் காரணம் மாமா. சுங்கான்கடை பக்கம் செங்கச்சூளை வெச்சிருக்கார். சனிக்கிழமை ஆனா திங்கள்நகர் பேங்குல கூலிப்பணத்தை எடுத்துட்டு பைக்கில தனியாத்தான் போவார். கொஞ்ச நாளா யாரோ பின்னாடியே வர்ற மாதிரி ஒரு பயம் அவருக்கு. "மக்கா, நீ எப்பவும் இன்டர்நெட்டுலதான கெடக்க, சட்டைக்குள்ள அடங்குத மாதிரி நல்ல ரிவால்வரா ஒண்ணு பாத்துச் சொல்லுடே"ன்னார். பொட்டி தட்டுறவன்னா எல்லாம் தெரியும்னு எங்க வீட்டுல ஒரு நம்பிக்கை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தினமும் கூடவே வெச்சுக்கற சின்ன ரிவால்வர்னு தேடினா வர்றதெல்லாம் அமெரிக்கச் சரக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரன் 1950ல விட்ட ஐந்து குண்டு ரிவால்வரும் அதோட பேரன் பேத்திகளும். 400 கிராம் சொச்சம், பாயிண்ட் 38. மணிக்கணக்கா வீடியோ பார்த்து வாயூறலாம், அவ்வளவுதான். பாயிண்ட் 38ம் 9 எம்எம்மும் இங்கே தடை செய்யப்பட்ட ரகம். சாமானியனுக்கு அனுமதி பாயிண்ட் 32, பாயிண்ட் 22 மாதிரி சின்னதுங்களுக்குத்தான். பாயிண்ட் 32 நீளத் தோட்டா 1896ல வந்தது. அதைச் சுடுற பழைய கான்பூர் ரிவால்வரோ வெப்லியோட பழைய டிசைன். நடுவுல மடக்கித் திறந்து குண்டு போடணும். நம்ம ஆபீஸ்ல ஒரு ஆளு இன்னமும் கோபால்ல எழுதின புரோகிராமைக் கட்டிக் காப்பாத்துவாரே, அந்தக் கதைதான்.

2023 ஆகஸ்ட்டில 'பிரபல்'னு இன்னொண்ணு வந்துச்சு. ஆர்ட்னன்ஸ் போர்டை 2021ல ஏழு கம்பெனியா பிரிச்சாங்க இல்லையா, அதுல கான்பூர் கம்பெனி செஞ்சது. உருளை பக்கவாட்டுல வெளிய வரும். இந்தியாவுல இப்படி வர்றது இதுதான் முதல்னாங்க. 700 கிராம். 50 மீட்டர் வரைக்கும் குறி வைக்கலாமாம்.

இந்த ரெண்டுல எதுன்னு கேட்டா என் ஓட்டு நிர்பீக்குக்கு. ஐம்பது மீட்டரை வெச்சு மாமா என்ன செய்ய? பணத்தைப் பிடுங்க வர்றவன் ஒரு கை தூரத்துலதான் வருவான். பிரபல்ல குண்டு மாத்துறது சுலபம்கறாங்க. ஆறு குண்டும் தீர்ந்து மறுபடி போட வேண்டிய நிலைமை வந்தா அது சூளைத் தகராறு இல்ல, போர். எடைதான் விஷயம். அரை லிட்டர் பால் பாக்கெட்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்க, அப்புறம் 200 கிராம் கூடினா என்னன்னு புரியும். மாமா கட்டுறது வேட்டி வேற. பெல்ட்டும் உறையும் மாட்டணும்னா முதல்ல அவரைப் பேண்ட்டுக்கு மாத்தணும், அது லைசென்ஸ் வாங்கறதை விடக் கஷ்டம். குளச்சல் பக்கத்து உப்புக்காத்துக்கு டைட்டானியம் துருப்பிடிக்காதுங்கறதும் ஒரு பாயிண்ட்.

இவ்வளவு அலசிட்டு நான் மாமாகிட்ட சொன்னது: வேண்டாம்.

ஏன்னா நாங்க வேலையில முதல்ல கேக்கறது 'ரெக்வயர்மெண்ட் என்ன'ங்கறதைத்தான். பின்னாடி இருந்து பைக்கில ரெண்டு பேர் வர்றான். பின்னாடி உக்காந்தவன் பையை இழுக்கறான். மொத்தமா மூணு செகண்ட். இவர் கை ரெண்டும் ஹேண்டில்பார்ல. சட்டப்படி ரிவால்வர் உறைக்குள்ள முழுசா மூடி இருக்கணும். சட்டையைத் தூக்கி, உறையைத் திறந்து, எடுத்து நீட்டறதுக்குள்ள அவன் வில்லுக்குறி தாண்டியிருப்பான். ஓடுறவன் முதுகுல சுட்டுட்டு தற்காப்புன்னு கோர்ட்டுல சொல்லி ஜெயிக்கிறது லேசுப்பட்ட வேலையா?

2020 ஜனவரி 8ம் தேதி களியக்காவிளை செக்போஸ்ட்டில எஸ்எஸ்ஐ வில்சனைச் சுட்டுக் கொன்னது எங்க மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. காவல் பணியில நின்ன போலீஸ்காரர். ரெண்டு பேர் வந்தாங்க, சுட்டாங்க, ஓடிட்டாங்க. எதிர்பாராம வர்றவனுக்குக் கிடைக்கிற அந்த ஒண்ணு ரெண்டு செகண்டை எந்தக் கம்பெனி ரிவால்வரும் நமக்குத் திருப்பித் தராது. அன்னைக்கு ஆளை அடையாளம் காட்டினது சிசிடிவி.

அப்புறம் வீடு. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம்தான் இவருக்கு ரிஸ்க். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சாமான் கிடக்கப் போறது வீட்டு பீரோவுல. பீரோ சாவி எங்கே தொங்கும்னு எங்க வீட்டு நாலு வயசு வாண்டு உட்பட எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்குக் கோபம் வந்தா எப்படி வரும்னும் தெரியும். எனக்கு உண்மையிலேயே பயம் இதுலதான், திருடன்கிட்ட இல்ல.

லைசென்ஸ் தனிக் கதை. கலெக்டர்கிட்ட மனு, போலீஸ் விசாரணை, பத்திரமா கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ். 2016 கடைசியில நாடு முழுக்க 33.7 லட்சம் லைசென்ஸ் இருந்துச்சு. உத்தரப்பிரதேசத்துல மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டுல 22 ஆயிரத்துச் சொச்சம். நம்ம ஊருக்கு இது பழக்கமில்லாத பண்டம். பழகாம இருக்கறதே நல்லதுன்னு நினைக்கிற கட்சி நான்.

பதிலா என்ன பண்ணச் சொல்றேன்னா, பணத்தையே குறைங்க. சூளையில பாதிப்பேர் அசாம், ஒடிசாப் பசங்க. கூலியை வாங்கின கையோட ஊருக்கு அனுப்பத்தான் போறாங்க. நேரா அவங்க கணக்குல போட்டா பை பாதியாயிடும். மிச்சத்தையும் ஒரே நேரம், ஒரே ரோடுன்னு கொண்டு போகாம கிழமை மாத்தி, துணைக்கு ஆள் வெச்சுக் கொண்டு போகலாம். மாமா கேட்டுட்டு, "கணக்குல போட்டா வேற சீண்ட்ரம் இருக்குடே"ன்னார். அந்தச் சீண்ட்ரம் என்னன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க :-)

கடைசியா ஒண்ணு. தேர்தல் அறிவிச்சா, விலக்கு கிடைக்காத லைசென்ஸ்காரங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16ல தேதி சொன்னாங்க, எண்ணிக்கை ஜூன் 4. காலண்டர்ல எண்ணிப் பார்த்தேன், நடுவுல பதினொரு சனிக்கிழமை. பதினொரு கூலி நாள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கின சாமான் போலீஸ் ஸ்டேஷன்ல தூங்கும், மாமா வழக்கம் போல பையோட தனியா போவார்.

சூளை, முந்திரி, ரப்பர்னு தொழில் பண்றவங்க வீட்டுல கூலியைக் கணக்குக்கு மாத்தினவங்க யாராவது இருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அப்படியே மாமாகிட்ட காட்டிடறேன்.