சிங்கப்பூர் ஷார்ட் காண்ட்ராக்ட் வேலையும் வரியும்: தம்பிங்க கவனிக்க வேண்டியது

நம்ம கோவிலுக்கு வர்ற தம்பிங்க நிறைய பேர் ஜூரோங் தீவு ஷட்டவுன் வேலைக்கு ரெண்டு மாசம், நாலு மாசம்னு போய் வர்றாங்க. கேட்டா, "ஷார்ட் காண்ட்ராக்ட்தானே அண்ணே, வரி கிடையாது"ன்னு சொல்றாங்க. அது பாதிதான் உண்மை.

ஒரு வருஷத்துல 60 நாள் வரைக்கும் வேலை செஞ்சா சிங்கப்பூர்ல வரி இல்லை. 61 நாளிலிருந்து 182 நாள் வரை போனா குறைஞ்சது 15 விழுக்காடு. தனிநபர் கழிவு கிடையாது. மாசம் 3,000 வெள்ளின்னு நாலு மாசம் செஞ்சா 1,800 வெள்ளி வரி. 183 நாள் ஆயிட்டா உள்ளூர்வாசி கணக்கு. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அக்டோபர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும் விடாம வேலை செஞ்சா, ரெண்டு வருஷத்து நாளையும் சேர்த்துப் பார்த்து உள்ளூர்வாசின்னு எடுத்துக்குவாங்க. ஆக, நாள் கணக்குதான் பணம்.

60 நாளைத் தாண்டினவங்க வேலையை விடும்போது பொதுவா முதலாளி ஐ.ஆர்.21 பாரம் அனுப்பி, வரி தீரும் வரைக்கும் கடைசிச் சம்பளத்தைப் பிடிச்சு வைக்கணும். அது சட்டம். ஏஜெண்டு ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னால, பாரம் போயிடுச்சான்னு கேளுங்க.

இந்தப் பக்கம் என்ன? வெளிநாட்டுல சம்பாதிச்சு மலேசியாவுக்குக் கொண்டு வர்ற பணத்துக்குத் தனிநபருக்கு 2036 கடைசி வரை விலக்கு இருக்கு. ஆனா அங்கே வரிக்கு உட்பட்டிருக்கணும்கிறது நிபந்தனை. அதைக் காட்ட அந்த வரிக் கடிதம் வேணும். மீதி மாசம் இங்கே வேலை செஞ்சவங்க பி.இ. பாரத்தை ஏப்ரல் 30-க்குள்ள, இ-பைலிங்னா மே 15-க்குள்ள அனுப்பணும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனா பேங்க்ல முதல்ல கேட்கறதே இந்தத் தாளைத்தான்.

என் கருத்து இதுதான். மார்ச் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னதானம் முடிஞ்ச பிறகு, மண்டபத்துல ஒரு மேசை போடணும். கணக்கு தெரிஞ்ச பக்தர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்தா போதும். "கோவில்ல வரிப் பேச்சு எதுக்கு?"ன்னு சிலர் கேட்பாங்க. தைப்பூசத்துக்கு அங்கே லீவு போட்டு வந்து பால்குடம் எடுக்கறதும், உபயம் கொடுக்கறதும் இந்தப் பிள்ளைங்கதானே? அவங்க உழைச்ச காசு அவங்க கையில சேர நாம உதவறதும் தொண்டுதான்.

தம்பிங்களே, சம்பள சிலிப், பெர்மிட் நகல், வரிக் கடிதம், எல்லாத்தையும் ஒரே பைல்ல போட்டு வைங்க. நிர்வாகத்தினர் இந்த யோசனையைப் பரிசீலிக்கணும்னு பணிவோடு கேட்டுக்கறேன்.